அப்பாவின் பிராஸ்டேட் மாத்திரையும் ஈறில் கசிந்த ரத்தமும்

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். 19 வருடத்துக்கு முன் இதய வால்வு மாற்றினார்கள். அதற்காக, ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரையும் உண்டு. மூன்று மாதத்துக்கு முன் பிராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தது. எலும்புக்குப் போகவில்லை, சுரப்பியைத் தாண்டியிருக்கிறது, ஹார்மோன் சிகிச்சை கொடுத்துவிட்டு ரேடியேஷன் வைக்கலாம் என்றார்கள். வயிற்றில் மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, தினம் ஒரு பைகலூட்டமைட் 50 மாத்திரை. ரத்தத்தில் பார்க்கும் பிராஸ்டேட் அளவு, பி.எஸ்.ஏ., 64-லிருந்து 1.1-க்கு வந்துவிட்டது. இனி மாத்திரையை நிறுத்தலாமா? அதைச் சாப்பாட்டுக்கு முன் கொடுப்பதா, பின் கொடுப்பதா? பழனிக்குப் போனபோது இரண்டு நாள் விட்டுப்போய், மூன்றாம் நாள் மூன்றையும் சேர்த்துப் போட்டுக்கொண்டார், ஏதாவது ஆகுமா? சித்தப்பாவின் நண்பர் இதே நோய்க்கு வெறும் வயிற்றில் நான்கு மாத்திரை சாப்பிடுகிறார், அப்பாவுக்கு மட்டும் ஏன் ஒன்று? மார்பு வீங்கி வலிக்கிறது. வீட்டில்கூடச் சட்டையைக் கழற்றக் கூச்சப்படுகிறார். ஈரலுக்கு நல்லது என்று பக்கத்து வீட்டு அக்கா சீந்தில் கஷாயம் தருகிறார், கொடுக்கலாமா? அப்புறம், இரண்டு வாரமாகப் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. அது வயதால்தானே?

— ஒரு மகள், திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் மற்ற எல்லாக் கேள்விகளையும் ஒதுக்கிவிட்டு, கடைசி வரிக்கு மட்டும் அன்றைக்கே மின்னஞ்சலில் பதில் போட்டேன்: "நாளை வரை காத்திருக்க வேண்டாம், இன்றே பி.டி. ஐ.என்.ஆர். பாருங்கள்." ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை அது; எண் ஏறினால் ரத்தம் அதிகம் நீர்த்திருக்கிறது என்று அர்த்தம். நீங்களும் அன்று மாலையே பார்த்து எழுதிவிட்டீர்கள். 5.6. உங்கள் அப்பாவின் வால்வுக்கு இதய மருத்துவர் வைத்திருக்கும் இலக்கு 2.5 முதல் 3.5 வரை. ஈறில் வந்த ரத்தத்துக்கு வயது காரணமில்லை. புது மாத்திரை பழைய மாத்திரையோடு சேர்ந்து செய்த வேலை அது.

இதய மருத்துவர் அசிட்ரோமை ஒரு வேளை நிறுத்தி, அளவைக் குறைத்து, மூன்று நாளில் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் என்று அறிந்து நிம்மதி. (இதைப் படிக்கும் மற்றவர்கள் தயவுசெய்து அந்த "ஒரு வேளை நிறுத்தி"யைத் தாங்களாகச் செய்துகொள்ள வேண்டாம். செயற்கை வால்வு இருப்பவருக்கு ரத்தம் அதிகம் நீர்த்தாலும் ஆபத்து, உறைந்தாலும் ஆபத்து.)

நடந்தது என்ன என்றால், அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற மாத்திரைகள் ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பயணிப்பவை. ஒட்டியிருக்கும்வரை அவற்றுக்கு வேலையில்லை, பிரிந்து தனியாக நிற்கும் கொஞ்சம்தான் வேலை செய்யும். பைகலூட்டமைடும் அதே புரதத்தைப் பிடித்துக்கொள்கிற மருந்து. அது வந்து இடத்தைப் பிடித்ததும் அசிட்ரோம் கூடுதலாகப் பிரிந்துவிடுகிறது. மாத்திரையின் அளவு கூடாமலே அதன் பலம் கூடிவிடுகிறது. இது முதல் நாளே தெரியாது. சில நாளோ சில வாரமோ கழித்துத்தான் ஐ.என்.ஆர். ஏறும். உங்கள் அப்பாவுக்குப் பல வருடமாக ஒரே அளவில் நின்றதால் நான்கு மாதமாகப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. பிராஸ்டேட்டுக்குப் பார்த்தவர் வால்வு சீட்டைப் பார்க்கவில்லை, வால்வுக்குப் பார்ப்பவருக்குப் புது மாத்திரை வந்ததே தெரியாது. நடுவில் நிற்பது மருந்துக்கடைதான். அங்கேயும் இரண்டு சீட்டும் வேறு வேறு நாளில் போயிருக்கும்.

இனி முதல் இரண்டு மூன்று மாதம் ஐ.என்.ஆரை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று இதய மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பைகலூட்டமைடை என்றைக்காவது நிறுத்தினால் அப்போதும் இதே கதை தலைகீழாக நடக்கும். அந்த மருந்து உடம்பைவிட்டு மெதுவாக வெளியேற வெளியேற, குறைத்து வைத்த அசிட்ரோம் போதாமல் போய்விடும். ஆகவே தொடங்கும்போது பார்ப்பதுபோலவே நிறுத்திய பிறகும் சில வாரம் பார்க்க வேண்டும்.

அடுத்த ஊசி இந்த மாதம் என்று நினைக்கிறேன். வயிற்றுத் தோலுக்கு அடியில் வைப்பது அரிசி அளவில் ஒரு சின்னக் குச்சி. அதை உள்ளே தள்ளும் ஊசி தடிமனானது. ஐ.என்.ஆர். ஏறியிருக்கும்போது அந்த இடத்தில் உள்ளுக்குள் ரத்தம் கட்டும். ஊசிக்கு முந்தின நாள் ஐ.என்.ஆர். பார்த்து, அந்தத் தாளை நர்ஸ் கையில் கொடுத்த பிறகு சட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். சிறுநீரில் ரத்தம், தார்போல் கறுப்பு மலம், காரணமில்லாத நீலத் திட்டு, திடீரென்று கடுமையான தலைவலி, எங்காவது விழுந்து தலையில் அடி — இவற்றில் எது வந்தாலும் நேரே அவசரப் பிரிவு. சிறுநீரில் ரத்தத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: பிராஸ்டேட் நோயாளி வீட்டில் "அந்த நோய்க்கு அப்படித்தான் வரும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

சரி, இப்போது மாத்திரைக்கு வருவோம்.

இத்தனூண்டு மாத்திரை புற்றுநோயை என்ன செய்துவிடும் என்ற சந்தேகம் உங்கள் கடிதத்தில் வரிகளுக்கு இடையே தெரிகிறது. எல்லோருக்கும் வருவதுதான். சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர் 1941-இல் ஒன்றைக் காட்டினார்: ஆண் ஹார்மோன் வரத்தை நிறுத்தினால் பரவிய பிராஸ்டேட் புற்றுநோய்கூடச் சுருங்குகிறது. அதற்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது விரையை அகற்றுவதுதான் வழி. இன்றும் நம் ஊரில் பலருக்கு அதைச் செய்கிறார்கள். ஒரே நாளில் முடியும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசிச் செலவு இல்லை. உங்கள் அப்பாவுக்கு அதே வேலையை ஊசி செய்கிறது.

ஆனால் இந்த வகை ஊசியில் ஒரு விநோதம் உண்டு. போட்ட முதல் ஒன்றிரண்டு வாரம் ஹார்மோனைக் குறைக்காமல் ஏற்றிவிடும், பிறகுதான் வற்ற வைக்கும். அந்த ஏற்றத்தில் நோய் கொஞ்சம் துள்ளும். முதுகெலும்பில் நோய் இருப்பவருக்குக் கால் மரத்துப்போகும் அளவுக்குக்கூடப் போகலாம். அதற்குத்தான் ஊசிக்குச் சில நாள் முன்போ கூடவோ பைகலூட்டமைட். அது ஹார்மோனைக் குறைப்பதில்லை. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோம் இல்லையா, அந்த மாதிரி. புற்றுநோய் செல்லில் ஹார்மோன் வந்து உட்கார வேண்டிய இடத்தில் இது துண்டைப் போட்டு வைக்கிறது. ஹார்மோன் வந்து பார்த்துவிட்டு நின்றுகொண்டே போக வேண்டியதுதான்.

இந்தத் துண்டு உவமையை எங்கள் மருந்தகக் கவுன்டரில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒரு பெரியவர், "அப்போ துண்டை எடுத்துட்டு உட்கார்ற ஆளு வந்தா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. வருடங்கள் போகப் போக நோய் அதையும் கற்றுக்கொள்ளும். அப்போது பி.எஸ்.ஏ. மெல்ல ஏறும், மருத்துவர் மருந்தை மாற்றுவார்.

நிறுத்தலாமா என்று கேட்டீர்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது. பி.எஸ்.ஏ. 1.1-க்கு வந்திருப்பது மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நியாயமும் இருக்கிறது. சில மருத்துவர்கள் பைகலூட்டமைடை முதல் ஊசியின் ஏற்றத்தை அடக்க நாலு வாரம் போலத்தான் எழுதுவார்கள். சிலர் ரேடியேஷன் முடியும்வரை. சிலர் ஊசியோடு சேர்த்து நீண்ட காலம். எது உங்கள் அப்பாவுக்கு என்று சீட்டில் எழுதியிருக்காது. "ரிப்பீட்" என்று மட்டும் இருக்கும். ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை அதே பழைய சீட்டைக் காட்டி இரண்டு வருடம் வாங்கிச் சாப்பிட்டவரை எனக்குத் தெரியும். நாலே வாரத்தில் தானாக நிறுத்திவிட்டு, ரேடியேஷன் நடுவில் வந்து சொன்னவரையும் தெரியும். எனவே அடுத்த முறை போகும்போது, "இது எந்தத் தேதி வரை டாக்டர்?" என்று கேளுங்கள். தேதி வேண்டும். "பார்க்கலாம்" என்று பதில் வந்தால், எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள் என்று கேளுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

சாப்பாட்டுக்கு முன், பின் இரண்டும் பைகலூட்டமைடுக்கு ஒன்றுதான். வேளை மட்டும் மாறாமல் இருக்கட்டும். காலை காபி டம்ளர் பக்கத்திலேயே ஸ்ட்ரிப்பை வைத்துவிடுங்கள், மறக்காது.

பழனி விஷயம். பயப்பட வேண்டாம், ஆனால் இனி அப்படிச் செய்ய வேண்டாம். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மூன்று மாதமாகச் சாப்பிடுபவர் உடம்பில் நிறையச் சேர்ந்திருக்கும். இரண்டு நாள் விட்டதால் துண்டு நழுவிவிடாது. அதே காரணத்தால் மூன்றைச் சேர்த்துப் போட்டதிலும் லாபம் ஏதுமில்லை. விட்டுப்போனால் விட்டதுதான்; அடுத்த வேளை ஒன்று. இதில் இன்னொரு வகைத் தவறு அடிக்கடி பார்க்கிறேன். ஒரே மருந்து பல கம்பெனிப் பெயரில் வருகிறது. ஊருக்கு வந்த மகன் வேறு பெயர் டப்பா வாங்கி வருவான், அப்பா இரண்டையும் இரண்டு மருந்து என்று நினைத்துத் தினம் இரண்டு போடுவார். ஸ்ட்ரிப்பில் பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள், அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் பாருங்கள். "லூட்டமைட்" என்று முடிந்தால் எல்லாம் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஒருவர் வீட்டில் இருக்கும்போது இன்னொருவர் நுழைந்தால் உடனே கேளுங்கள்.

இனி சித்தப்பாவின் நண்பர். அவர் சாப்பிடுவது பெரும்பாலும் அபிராட்டெரோனாக இருக்கும்; ஸ்ட்ரிப்பில் மூலப்பெயரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அது துண்டு போடுவதில்லை, பயணியே புறப்படாமல் செய்துவிடுகிறது. விரையில் மட்டுமல்ல, சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலும், புற்றுநோய்க்குள்ளேயே கூட ஆண் ஹார்மோன் உற்பத்தியை அடைக்கிறது. பெரும்பாலும் நோய் பரவியவர்களுக்கு எழுதுகிறார்கள். நான்கு பெரிது, ஒன்று சிறிது என்ற கணக்கு இதில் கிடையாது.

அந்த மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பின்னாளில் உங்கள் அப்பாவுக்கும் தேவைப்படலாம், அப்போது அவருடைய மற்ற மாத்திரைகள்தான் பிரச்சினை ஆகும்.

அபிராட்டெரோனை நான்கும் சேர்ந்து 1000 மில்லிகிராம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, தண்ணீரோடு போட வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. இது வெறும் சம்பிரதாயம் இல்லை. நெய், எண்ணெய் அதிகமுள்ள சாப்பாட்டோடு போட்டால் ரத்தத்தில் சேரும் மருந்தின் மொத்த அளவு 10 மடங்கு வரை ஏறுகிறது, உச்ச அளவு 17 மடங்கு வரை. எங்களிடம் வந்த ஒருவருக்கு வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்று வீட்டம்மா பாசத்தில் நெய்ப் பொங்கலோடு கொடுத்திருக்கிறார். மூன்று வாரத்தில் கால் இரண்டும் புஸ்ஸென்று வீங்கி, பிரஷர் ஏறி, பொட்டாசியம் இறங்கி வந்து நின்றார். தப்பு அவர்கள் மீது இல்லை. டப்பாவில் "காலை 4" என்று ஸ்டிக்கர் ஒட்டியவன் நான். "வெறும் வயிற்றில்" என்று எழுத மறந்தவனும் நானே. அன்றிலிருந்து அந்த டப்பாவில் சிவப்புப் பேனாவில் எழுதாமல் கவுன்டரைத் தாண்ட விடுவதில்லை.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், கூடவே பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராம் கொடுப்பார்கள். அதைச் சாப்பிட்டபின் போட வேண்டும். ஒன்று வெறும் வயிற்றில், மற்றது நிறைந்த வயிற்றில். பலர் இரண்டையும் ஒரே வேளையில் முடித்துவிடுகிறார்கள். "ஸ்டீராய்டு கெடுதல்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு பிரெட்னிசோலோனை மட்டும் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அது அங்கே இருப்பதே பிரஷரும் கால் வீக்கமும் வராமல் பிடிப்பதற்குத்தான். அதைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஈரல் பரிசோதனை, மாதாமாதம் பிரஷரும் பொட்டாசியமும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சாப்பாட்டோடு போட்டால் மருந்து பல மடங்கு ஏறுகிறது என்றால், குறைந்த அளவைச் சாப்பாட்டோடு கொடுத்தால் போதாதா? இப்படி யோசித்து, 250 மில்லிகிராம் ஒரே மாத்திரையைக் கொழுப்பு குறைந்த காலைச் சாப்பாட்டோடு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. 72 பேர்தான். பி.எஸ்.ஏ. குறைவதில் முழு அளவுக்குச் சளைக்கவில்லை. செலவு பெரிய பாரமாக இருக்கும் இடங்களில் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். எனவே ஒரே வார்டில் ஒருவர் நான்கு வெறும் வயிற்றிலும், ஒருவர் ஒன்று இட்லியோடும் சாப்பிடலாம்; இரண்டும் சரியாக இருக்கலாம். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் மாற்றிக்கொள்வதுதான் தப்பு.

நீங்கள் அனுப்பிய அப்பாவின் மாத்திரைப் பட்டியலைப் பார்க்கிறேன். மெட்ஃபார்மின், கிளிமிபிரைட் இருக்கிறது. பயோகிளிட்டசோன் இல்லை, நல்லது. அபிராட்டெரோனோடு அது சேர்ந்தால் சர்க்கரை ஆபத்தாகக் கீழே இறங்கிய நிகழ்வுகள் உண்டு. நம் ஊரில் மூன்று மருந்து சேர்ந்த சர்க்கரை மாத்திரைகளில் அது ஒளிந்திருக்கும். அப்புறம், கால் வீக்கத்துக்கு ஃபுரோசமைடோடு ஸ்பைரோனோலாக்டோன் சேர்ந்த மாத்திரை இருக்கிறது. இதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். காரணம் இரண்டு.

ஸ்பைரோனோலாக்டோனும் பஸ்ஸில் அதே இருக்கையில் போய் உட்காரும் பொருள். அபிராட்டெரோன் எடுப்பவர்களுக்கு அது நோயைத் தூண்டி பி.எஸ்.ஏ.வை ஏற்றக்கூடும் என்பதால் தவிர்க்கிறார்கள். இது பின்னால் வரக்கூடிய விஷயம். மற்றது இப்போதைய விஷயம்: ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிப்பதற்குப் பேர்போன மாத்திரை அது. எல்லாப் பழியையும் பைகலூட்டமைட் மேல் போட்டுவிட்டீர்கள்; இதய மாத்திரைக்கும் அதில் பங்கு இருக்கலாம். வேறு மாத்திரை மாற்ற முடியுமா என்று இதய மருத்துவரைக் கேளுங்கள். நீங்களே நிறுத்திவிட்டால் கால் வீங்கி மூச்சு முட்டும்.

மார்பு வீக்கம் பற்றி. ஆண் ஹார்மோனின் வேலை தடைப்படும்போது உடம்பில் உள்ள பெண் ஹார்மோனின் கை ஓங்குகிறது, அவ்வளவுதான். பைகலூட்டமைடை ஊசியில்லாமல் 150 மில்லிகிராம் தனியாக எடுப்பவர்களுக்கு இது மிகச் சாதாரணம். ஊசியோடு 50 எடுப்பவர்களுக்குக் குறைவு. இதற்கு வழி இருக்கிறது: டாமாக்சிஃபென் மாத்திரை அல்லது மார்புப் பகுதிக்குக் கொஞ்சம் ரேடியேஷன். ரேடியேஷன் வீக்கம் வருமுன் கொடுத்தால்தான் நன்றாகப் பிடிக்கும். நாள்பட்ட வீக்கம் எதற்கும் அவ்வளவாகக் கரையாது, அதனால் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடுவதில் பயனில்லை. ஆனால் டாமாக்சிஃபென் அசிட்ரோமோடு சண்டை போடும், ஐ.என்.ஆரை ஏற்றும், ரத்தக் கட்டி உண்டாக்கும் இயல்பும் அதற்கு உண்டு. உங்கள் அப்பாவுக்கு அது பொருந்தாது என்றே நினைக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் கெட்டியான கட்டியாக இருந்தால் மருத்துவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இப்போதைக்கு இறுக்கமில்லாத பருத்தி பனியன் போடட்டும், உரசல் குறையும்.

ராத்திரி வேர்த்து எழுந்திருப்பது, கோபம், அழுகை, தாம்பத்திய ஆசை குறைவது எல்லாம் ஹார்மோன் வற்றுவதால் வருவது. "வயசான காலத்தில் என்ன" என்று அம்மாவும் நீங்களும் சிரித்துக் கடந்துவிடாதீர்கள். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார்.

சீந்தில் கஷாயத்துக்கு இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். எனக்கு நாட்டு மருந்து மேல் பகையில்லை; என் பாட்டி கொடுத்த கஷாயத்தில் வளர்ந்தவன்தான். ஆனால் பைகலூட்டமைட் ஈரலைத் தொடும் மருந்து. சிலருக்கு, அதிகமும் முதல் நாலு மாதத்துக்குள், ஈரல் வீக்கம் வரலாம். அதைப் பிடிக்கத்தான் எல்.எஃப்.டி. என்ற ஈரல் பரிசோதனை பார்க்கிறோம். சீந்திலைப் பொறுத்தவரை, கொரோனா காலத்தில் அதை எடுத்த சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்ததாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. யார் சொல்வது சரி என்பது இருக்கட்டும். நாளைக்கு அப்பாவின் எல்.எஃப்.டி. ஏறினால், கஷாயமா மாத்திரையா என்று யாராலும் சொல்ல முடியாது. புற்றுநோய்க்கு வேலை செய்துகொண்டிருக்கும் மாத்திரையைத்தான் முதலில் நிறுத்துவார்கள். அமுக்கரா, "ஆண்மை" லேகியம் இவற்றுக்கும் இதே பதில். பக்கத்து வீட்டு அக்காவிடம், டாக்டர் ரத்தப் பரிசோதனை முடியட்டும் என்றார் என்று சொல்லிவிடுங்கள், மனம் நோகாது.

பசியே இல்லை, குமட்டல், உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீர் கட்டங்காப்பி நிறம், கண் மஞ்சள் என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே போய்ப் பாருங்கள். மூச்சுத் திணறலும் வறட்டு இருமலும் காய்ச்சலும் புதிதாகச் சேர்ந்து வந்தாலும் அப்படித்தான். அபூர்வமாக இந்த மாத்திரை நுரையீரலைத் தாக்கும். வால்வு நோயாளிக்கு மூச்சு வாங்கினால் எல்லோரும் இதயத்தையே பார்ப்பார்கள். பைகலூட்டமைட் எடுக்கிறார் என்று நீங்கள்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கீரையை நிறுத்த வேண்டாம். அசிட்ரோம் எடுப்பவர் கீரை தொடக்கூடாது என்பது பாதி உண்மை. வாரத்துக்கு எத்தனை நாளோ அதே கணக்கில் போய்க்கொண்டிருந்தால் போதும். ஹார்மோன் ஊசி எலும்பை மெலிய வைக்கும் என்பதால் கேழ்வரகும் வேண்டும். 100 கிராமில் 350 மில்லிகிராம் போலக் கால்சியம் இருக்கிறது. சர்க்கரை இருப்பதால் கூழாகக் கரைத்துக் குடிக்காமல் அடையாகவோ களியாகவோ அளவாகச் சாப்பிடட்டும். தினமும் நடக்கட்டும், எலும்பு அடர்த்திப் பரிசோதனை ஒருமுறை செய்துகொள்ளட்டும். இந்தச் சிகிச்சையில் எடையும் சர்க்கரையும் ஏறும், அதனால் மூன்று மாதச் சராசரியைத் தவறாமல் பாருங்கள். மூட்டு வலி என்று கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்ளவே கூடாது, இந்த ஐ.என்.ஆரோடு அது வயிற்றுக்குள் ரத்தம் கசிய வைக்கும்.

பின்னாளில் மருத்துவர் என்சலூட்டமைட் அல்லது அபலூட்டமைட் எழுதலாம். பைகலூட்டமைட் ஐ.என்.ஆரை ஏற்றியது. இவை இரண்டும் ஈரலைத் தூண்டிவிட்டு அசிட்ரோமை வேகமாகக் கரைத்து, ஐ.என்.ஆரை இறக்கக்கூடியவை. அதே குடும்பப் பெயர், எதிர்த் திசை. உங்கள் அப்பாவைப்போலச் செயற்கை வால்வுக்காக அசிட்ரோம் எடுப்பவருக்கு, அசிட்ரோம், வார்ஃபரின் வகையை விட்டால் மாற்று மாத்திரையும் கிடையாது. மாற்றும் நாளுக்கு முன்பே இரண்டு மருத்துவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசியிருக்க வேண்டும். அவர்கள் பேசிக்கொள்ள நேரம் இருக்காது, அதனால் ஒரு தாள் அவர்களுக்காகப் பேச வேண்டும்.

அந்தத் தாளை உங்கள் அப்பாவையே எழுதச் சொல்லுங்கள். வாழ்நாளெல்லாம் பேரேடு எழுதியவருக்கு நான் கட்டம் போடக் கற்றுத்தர வேண்டியதில்லை. மாத்திரையின் மூலப்பெயர், அளவு, எந்த வேளை, எந்த டாக்டர், எந்தத் தேதியிலிருந்து என்று ஐந்து பத்தி. கஷாயம், சத்து டானிக், கடையில் வாங்கும் வலி மாத்திரை எல்லாவற்றுக்கும் வரிசை எண் உண்டு. பின்பக்கம் ஐ.என்.ஆர்., எல்.எஃப்.டி., சர்க்கரை, பி.எஸ்.ஏ. தேதிவாரியாக. மேலே சிவப்பில் "செயற்கை வால்வு — அசிட்ரோம்" என்று ஒரு வரி. மூன்று ஜெராக்ஸ்: இதய மருத்துவருக்கு ஒன்று, பிராஸ்டேட் பார்ப்பவருக்கு ஒன்று, நீங்கள் வழக்கமாக வாங்கும் மருந்துக்கடைக்காரருக்கு ஒன்று. அசல் அவர் சட்டைப் பையில்.

மூன்றாம் நாள் ஐ.என்.ஆர். என்ன வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.